நரையும் சாயமும்

நம் முன்னோர் நரையைப் போற்றினார்கள், நாம்தாம் பிற நாட்டு மோகத்தில் அதற்குச் சாயம் பூசி மறைக்கிறோம் என்று மேடைகளில் அவ்வப்போது கேட்கும் பிரசங்கம் பாதியளவே உண்மை என்பதைப் பழைய நூல்களைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் அறிவர். புறநானூற்றின் 191-ஆம் பாட்டில், ஆண்டுகள் பல சென்றும் தலை நரைக்காதிருப்பது எங்ஙனம் என்று சான்றோர் வியந்து வினவ, பிசிராந்தையார் விடை சொல்கிறார்: குணவதியான மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், முறை தவறாமல் காக்கும் அரசன், இவற்றுக்கெல்லாம் மேலாக, கல்வியும் அடக்கமும் உடைய பெரியோர் பலர் வாழ்கின்ற ஊர். இந்தப் பாட்டைக் காட்டி, மனக்கவலையால் முடி நரைக்கும் என்னும் விஞ்ஞானத்தைத் தமிழர் அன்றே கண்டுவிட்டனர் எனப் பெருமைப்படுவோர் இருக்கிறார்கள்; அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு வேண்டாம். நான் கவனிப்பது வேறு. கேட்டவர்களுக்கும் சரி, விடை சொன்ன புலவருக்கும் சரி, நரையாமை ஒரு பாக்கியமாகவே தோன்றியிருக்கிறது. நாலடியாரோ இளமை நிலையாமையைச் சொல்லும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நரையை எச்சரிக்கையாக நிறுத்தி, அது வருமுன்னரே துறந்துவிடச் சொல்கிறது. இவற்றில் எதையும் நரையின் புகழ் என்று சொல்ல முடியாது.

கரிகால் சோழனைப் பற்றி வழங்கும் கதை இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. வழக்கைத் தீர்த்துக்கொள்ள வந்த முதியவர் இருவர், அரசன் மிகவும் இளையவனாக இருப்பதைக் கண்டு, இந்தப் பிள்ளைக்கு நியாயம் தெரியுமோ என்று தயங்க, அவர்களுடைய தயக்கத்தைக் குறிப்பால் உணர்ந்த அவன், நரைமயிரை முடித்துக்கொண்டு கிழவன் கோலத்தில் வந்து அமர்ந்து, அவர்கள் மெச்சும்படி தீர்ப்புச் சொன்னான் என்பது கதை. பழமொழி நானூறும் மணிமேகலையும் இதனைச் சுட்டுகின்றன. கரிய தலையை வெள்ளையாக்கிக் காட்டியதும் வேஷந்தான். ஆயினும் அதனை வஞ்சகம் என்று எந்தப் புலவரும் தூற்றவில்லை. சாதுரியம் என்றே கொண்டாடினர். இன்று சாயம் பூசிய தலையைப் பார்த்து, ‘ஊரை ஏமாற்றுகிறார்’ என்று முணுமுணுப்பவர்கள், நியாயமாகப் பார்த்தால், கரிகாலனையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் வேண்டும்.

நரை கண்டதும் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்பது இன்னொரு மரபு. காளிதாசனின் ரகுவம்சத்திலும் கம்பராமாயணத்தின் அயோத்தியா காண்டத்திலும், தசரதனின் காதருகே வெளுத்த ரோமம், மூத்த மகனிடம் பூமியை ஒப்புவிக்கும் காலம் வந்துவிட்டது என்று இரகசியம் பேச வந்ததாக வருணிக்கப்படுகிறது. பௌத்த ஜாதகக் கதைகளுள் ஒன்றில், மிதிலையை ஆண்ட அரசன் தன் தலையில் முதல் நரை தோன்றும் நாளில் தெரிவிக்கும்படி நாவிதனுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அந்த நாள் வந்ததும், நாவிதன் பொற்கிடுக்கியால் அந்த ஒற்றை மயிரைப் பறித்து அரசனின் உள்ளங்கையில் வைக்க, அரசன் ராஜ்யத்தை மகனுக்கும், வருமானமுள்ள ஒரு கிராமத்தை நாவிதனுக்கும் கொடுத்துவிட்டு மாந்தோப்புக்குத் துறவியாகப் போய்விடுகிறான். எஜமானனிடம் கசப்பான உண்மையைச் சொன்ன தொழிலாளிக்கு ஊரே மானியமாகக் கிடைத்த சம்பவங்கள் சரித்திரத்தில் அதிகமில்லை.

இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. நரை என்பது அதை உடையவன் படிப்பதற்காக அன்றி, பிறர் படிப்பதற்காகத் தலைமேல் விரித்து வைக்கப்பட்ட பத்திரமாகவே நம் இலக்கியங்களில் இருந்துவந்திருக்கிறது. அதைப் படித்தவர்கள் சிலருக்கு நீதிபதியின் ஆசனத்தையும் சிலருக்கு வனவாசத்தையும் அளித்தார்கள். ஆகவே சாயம் பூசலாமா கூடாதா என்னும் கேள்வியை, அழகு, அகம்பாவம், இயற்கைக்கு விரோதம் என்னும் சொற்களைக் கொண்டு ஆராய்வதைக் காட்டிலும், இன்னாருடைய தலையில் இந்தப் பத்திரத்தைப் படிப்பவர் யார், படித்தபின் அவர் கொடுப்பது என்ன, பறிப்பது என்ன என்று விசாரிப்பதே தக்க வழி என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வயது பணிப்பதிவேட்டில் இருக்கிறது. தலை பாலாய் வெளுத்திருந்தாலும் தமிழ்நாட்டில் 60 வயது நிறையும்வரை அவரை அசைக்க முடியாது. தலை கருத்திருந்தாலும் அதற்கு மேல் ஒரு நாள்கூட நாற்காலி நிலைக்காது. தனியார் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கோ, ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்று புடவை விரித்துக் காட்டுபவருக்கோ அப்படியொரு பாதுகாப்பு இல்லை. அவருடைய வயது தலையில்தான் இருக்கிறது. புதிதாக வந்த மேலாளருக்கு முப்பது வயது என்றால், ஐம்பதைத் தொட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, காதுமடலிலும் நெற்றியோரத்திலும் தேங்காய் எண்ணெயைத் தடவி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் பொடியைக் கரைத்து, உபயோகம் தீர்ந்த பல் பிரஷ்ஷால் கண்ணாடி முன் நின்று டை அடித்துக்கொள்வதில் சிங்காரத்தின் பங்கு கொஞ்சமே. பெரும்பங்கு வயிற்றுப்பாட்டைச் சேர்ந்தது. குளியலறைச் சுவரில் தெறித்த கறையைத் தேய்த்துக் கழுவும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அதை உல்லாசம் என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படி வளர்த்த இரகசியம் வருஷத்தில் ஒருமுறை தானாகவே வெளிப்படும். கார்த்திகை பிறந்து, மாலை போட்டுக்கொண்டு 41 நாள் விரதம் காக்கும் ஐயப்ப பக்தர்களுள் எத்தனையோ பேருக்கு, கறுத்த தலைக்குக் கீழே வெள்ளைத் தாடி வளர்ந்து நிற்பதைக் கடைத்தெருவில் யாரும் பார்க்கலாம். துக்கம் காக்கும் வீடுகளில் சவரம் செய்யாதிருக்கும் நாட்களிலும் இவ்வாறே நேர்கிறது. அப்போது யாரும் சிரிப்பதில்லை, வெட்கப்படுவதுமில்லை. ‘சாமி’ என்று அழைக்கப்படும் அந்தச் சில வாரங்களில் நரையைப் படிப்பவர்களின் பார்வையே மாறிவிடுவதால், மறைக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. விரதம் முடிந்து மாலையைக் கழற்றிய மறுநாள், தாடியும் போகும், கிண்ணமும் பிரஷ்ஷும் பரணிலிருந்து இறங்கும்.

பெண்களின் நிலை வேறு. ஔவையைப் பற்றிய ஐதிகத்தில், திருமணத்திலிருந்து தப்பும்பொருட்டு இளமையிலேயே விநாயகரிடம் மூப்பை வரமாகக் கேட்டுப் பெற்றாள் என்று சொல்லப்படுகிறது. 1953-இல் ஜெமினி ஸ்தாபனத்தார் வெளியிட்ட படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த மூதாட்டியாகத் தோன்றியபின் அந்த உருவமே தமிழர் மனத்தில் நிலைத்துவிட்டது. ஊர் ஊராகத் தனியே நடக்கவும், அரசர்களுக்கு முகத்துக்கு நேரே புத்தி சொல்லவும் ஒரு பெண்ணுக்கு நரைத்த தலை அனுமதிச்சீட்டாக வேண்டியிருந்தது என்பதை இந்த ஐதிகம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. ஆனால் அந்த அனுமதியின் விலை, பெண் என்னும் ஸ்தானத்தையே துறப்பது. இன்றைக்கும் அந்த விலை முற்றிலும் குறைந்துவிடவில்லை. 2011-இல் ‘மங்காத்தா’ படத்தில் அஜித்குமார் நரைத்த தலையோடு கதாநாயகனாக வந்தபோது ரசிகர்கள் அந்த நரையையே புதிய பாணியாகக் கொண்டாடினர்; அதே சலுகையைக் கதாநாயகிக்கு வழங்க நம் திரையுலகம் துணியவில்லை. ஆணின் நரையை அனுபவம் என்று படிக்கும் கண், பெண்ணின் நரையை அஜாக்கிரதை என்று படிக்கிறது. நாற்பத்தைந்து வயதில் டை அடிப்பதை நிறுத்திய பெண்ணிடம் பஸ் கண்டக்டர், ‘பாட்டி, உள்ள போம்மா’ என்பதும், கல்யாண வீட்டில் அவளையும் கணவனையும் சேர்த்துப் பார்த்தவர், ‘இவங்க உங்க அக்காவா?’ என்று கணவனிடம் விசாரிப்பதும் எங்கும் நடப்பவை. கணவன் தன் பங்குக்கு டை அடிப்பதை விடவில்லை என்பதை அந்த விசாரணையாளர் கவனிப்பதில்லை.

கணவனை இழந்த பெண்ணுக்கு இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது. அலங்காரம் எதுவும் கூடாது என்ற பழைய சம்பிரதாயம், மொட்டையும் முக்காடும் போன பிறகும், சொல்லப்படாத விதியாகப் பல குடும்பங்களில் தங்கியிருக்கிறது. அவள் மறுபடி டை அடித்துக்கொண்ட முதல் நாளில் தெருவில் எழும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். நரையை இயற்கையாக விட்டுவிடுவதே விடுதலை என்று பொதுப்படையாக உபதேசிப்பவர்கள் இவளை நினைத்துப் பார்ப்பது நல்லது. இவளுக்கு விடுதலை அந்தச் சாயக் கிண்ணத்தில் இருக்கலாம். தவிரவும், கேசத்துக்குச் செயற்கையாக எதையும் சேர்ப்பது நம் வழக்கத்துக்கு அந்நியம் என்ற வாதமும் நிற்காது. பாட்டிமார்களின் மரப்பெட்டியில் சவுரி இல்லாத வீடு எத்தனை இருந்தது?

இனி நரையின் காரணத்தைப் பார்ப்போம். மயிர்க்காலின் அடியில் உள்ள நிறமி அணுக்கள் தயாரித்துக் கொடுக்கும் மெலனின் என்னும் பொருளே முடிக்குக் கருமையைத் தருகிறது. வளர்ந்து வெளியே வந்த முடி உயிரற்றது. அதனால், இரவோடிரவாக ஒருவர் தலை முழுதும் வெளுத்தது என்னும் கதைகளை உடற்கூறு ஒப்புவதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனி உலகமாதலால், ஒன்றைப் பிடுங்கினால் ஒன்பது நரைக்கும் என்பதும் வீண் பயமே. நிறமி அணுக்களைப் புதுப்பித்துத் தரும் மூல அணுக்கள் வயதாக ஆகத் தீர்ந்துபோவதால் நரை ஏற்படுகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விளக்கினர்; கடும் துன்பத்தில் நரம்புகள் சுரக்கும் ஒரு பொருள் இந்த மூல அணுக்களை விரைவில் தீர்த்துவிடுகிறது என்பதை 2020-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் நிரூபித்தனர். பிசிராந்தையாரை விஞ்ஞானியாக்க விரும்புவோர் பற்றிக்கொள்வது இதைத்தான். ஆனால் மனிதரிடம் பெரும்பங்கு பரம்பரையினுடையது. தகப்பனாருக்கு எந்த வயதில் நரைத்தது என்று கேட்டுக்கொள்வது ஜோசியம் பார்ப்பதைவிடப் பயன் தரும். ஐம்பது வயதில் பாதிப்பேருக்குப் பாதித் தலை நரைத்திருக்கும் என்று வழங்கிவந்த கணக்கும் மிகையானது. பல நாடுகளில் பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 6 முதல் 23 பேர்வரைதான்.

ஆசியர்களிடம் 25 வயதுக்கு முன் தோன்றுவதை இளநரை என்பர். அதைப் பித்தத்தின் கோளாறு என்று சொல்லிக் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சுவது நம் வீடுகளின் வழக்கம். தைலம் தலைக்கு இதமாயிருக்கலாம். போன நிறத்தைத் திருப்பித் தருவதற்கு ஆதாரமில்லை. அதைவிட, பி12 ஊட்டச்சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது விவேகம். அவ்விரண்டும் காரணமாயிருந்தால், சிகிச்சையில் நிறம் மீள்வதும் உண்டு.

சாயத்தின் ரஸாயனம் சுவாரசியமானது. பாரிஸ் நகரில் யூஜின் ஷூலர் என்னும் ரஸாயனி 1907-இல் செயற்கைக் கேசச் சாயம் ஒன்றைத் தயாரித்து, 1909-இல் ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய லோரியால். அதற்கு அவர் முதலில் இட்ட பெயர், ‘தீங்கற்ற கேசச் சாயங்களின் பிரெஞ்சுக் கம்பெனி’ என்று பொருள்படுவது. தீங்கற்றது என்று பெயரிலேயே சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்றால், ஜனங்களின் சந்தேகம் எவ்வளவு பழையது என்பது விளங்கும். இன்று நம் கடைகளில் சரம்சரமாய்த் தொங்கும் கறுப்புச் சாயப் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றின் ஆதாரப் பொருள் பாரா ஃபினைலின் டையமின் என்னும், சுருக்கமாக பி.பி.டி. எனப்படும் வஸ்து. இது தனியே இருக்கையில் கறுப்பன்று. பிராணவாயுவை ஏற்றதும், சிறு அணுத்திரள்கள் முடியின் உள்ளே புகுந்து ஒன்றோடொன்று கூடிப் பருத்து, வெளியே வரமுடியாமல் சிக்கிக் கருமையாகின்றன. தண்ணீரில் போகாமலிருப்பதன் காரணம் இதுவே.

இந்த பி.பி.டி. சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் தடவையில் ஒன்றும் தெரியாமல், பத்து வருஷம் பூசிய பிறகும் திடீரென்று ஒரு நாள் காதோரம் அரித்து, நெற்றியில் நீர் கோத்து, மறுநாள் விழிக்க முடியாதபடி இமைகள் வீங்கிவிடுவது உண்டு; ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கமொன்று 2006-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று இதையே பொறுக்கியெடுத்தது. ஐரோப்பியச் சட்டம் தலையில் படும் கலவையில் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்கும்படி பொட்டலத்தின் முதுகில் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்; அந்தப் பொடியெழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதில்தான் சாயமும் தேவைப்படுகிறது.

‘அம்மோனியா இல்லாதது’ என்ற விளம்பரத்தைக் கண்டு ஆறுதலடைவோர் பலர். அம்மோனியாவின் வேலை முடியின் மேல்தோலைத் திறந்துவிடுவது; மேற்சொன்ன ஒவ்வாமைக்கு அது பொறுப்பன்று. ‘மூலிகை’, ‘ஹென்னா’ என்ற பெயர்களிலும் ஜாக்கிரதை வேண்டும். கலப்பில்லாத மருதாணி நரைமயிரைச் செம்மஞ்சளாக்குமே தவிரக் கறுப்பாக்காது. அதன்மேல் அவுரி இலைப்பொடியைத் தனியே குழைத்துப் பூசினால்தான் கருமை ஏறும். அதற்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் வேண்டும். அரைமணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆக்கும் ‘மருதாணி’ப் பொடியில் வேறொன்று சேர்ந்திருக்கிறது என்று கொள்வதே யுக்தி.

புற்றுநோயைப் பற்றிய பயத்துக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1975-இல் புரூஸ் ஏம்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, சந்தையில் இருந்த சாயங்கள் பாக்டீரியாக்களின் மரபணுக்களை மாற்றுகின்றன என்று காட்டியதிலிருந்து ஆராய்ச்சிகள் தொடர்கின்றன. அமெரிக்கச் செவிலியர் 1,17,200 பேரை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், நிரந்தரச் சாயம் பூசியவர்களிடையே பெரும்பாலான புற்றுநோய்கள் அதிகமாகக் காணப்படவில்லை. மார்பகப் புற்றில் ஒருசில வகைகள், சூலகப் புற்று முதலிய சில மட்டும் சற்றுக் கூடியிருந்தன. ஆகவே மாதம் ஒருமுறை பூசிக்கொள்பவர் நடுங்க வேண்டியதில்லை. அவசியமில்லாதவர் பூசவும் வேண்டியதில்லை.

பூசுவதைக் காட்டிலும் நிறுத்துவது சிரமம் என்பதை முதல் பொட்டலத்தைக் கிழிக்கும்போது எவரும் எண்ணுவதில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மூன்றாவது வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு தெரிந்துவிடும். ஆண் நிறுத்த நினைத்தால், மூன்று நான்கு முறை முடி வெட்டிக்கொள்வதற்குள் பழைய சாயம் தரையில் விழுந்துவிடும். இடுப்புவரை, அதாவது 60 சென்டிமீட்டர் கூந்தல் உள்ள பெண், அதைக் கத்தரிக்காமல் நிறுத்தினால், நுனியிலிருக்கும் கறுப்பு முற்றிலும் கழிய ஐந்து வருஷமாகும். அந்த ஐந்து வருஷமும் பாதி வெள்ளையும் பாதி செம்பட்டையுமான பின்னலோடு அலுவலகத்துக்கும் கல்யாணங்களுக்கும் போய் வர வேண்டும். பழனியிலோ திருப்பதியிலோ முடிகாணிக்கை செலுத்திவிட்டு, வளர்கிற நரையை அப்படியே விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். மொட்டைத் தலையைக் கேள்வி கேட்க யாருக்கும் வாய் எழாது. 2020-இல் ஊரடங்கின்போது கடைகளெல்லாம் மூடிக் கிடந்ததால் வேறு வழியின்றிச் சாயத்தை விட்டு, பிறகு அதற்குத் திரும்பாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு.

என் தீர்ப்பைக் கேட்டால், உத்தியோகத்துக்காகவோ, ஊர்வாய்க்கு எதிராகவோ, வெறும் ஆசையினாலோ பூசுகிறவரைப் பரிகசிக்க எவருக்கும் அதிகாரமில்லை. பூசாதவர் அதனாலேயே ஞானியாகிவிடுவதுமில்லை. நரையைக் கண்டு வேலையை மறுக்கும் முதலாளியும், மனைவியின் நரையை மட்டும் குறைகூறும் கணவனுமே விசாரணைக்கு உரியவர்கள். ஆனால் இந்த விவாதம் முழுவதும் சாயம் பூசப்படும் தலையைப் பற்றியே நடக்கிறது. பூசுகிற கையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2010-இல் வெளியிட்ட முடிவில், சொந்த உபயோகத்துக்காகப் பூசிக்கொள்வோரின் அபாயத்தைத் தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, முடிதிருத்தும் தொழிலாளருக்கு அவர்கள் தொழிலில் கலக்கும் ரஸாயனங்களால் புற்றுநோய் வரக்கூடும் என்று வகைப்படுத்தியிருக்கிறது. தினமும் நாலு பேர் தலைக்கு வெறுங்கையால் குழைத்துப் பூசி, நகக்கண்கள் கறுத்து, விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாகி, தொழிலையே கைவிட வேண்டி வந்தவர்கள் நம் ஊர் சலூன்களிலும் அழகுநிலையங்களிலும் இருக்கிறார்கள். ஆகையால், அடுத்த முறை டை அடித்துக்கொள்ள நாற்காலியில் அமரும்போது, பூசுகிறவர் கையுறை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் ஒரு ஜோடி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்களே வாங்கிக்கொண்டும் போகலாம்.